நாடு கார்டை நான் எடைபோட்ட லட்சணம்

மேஜிக்: தி கேதரிங் என்கிற கார்டு விளையாட்டை ஆடுகிறவர்களுக்குப் புது செட் (புதுக் கார்டுகளின் தொகுப்பு) கடைக்கு வருகிற நாளை விட அதற்கு முந்தைய இரண்டு வாரம்தான் திருவிழா. தினமும் பத்து, இருபது என்று புதுக் கார்டுகளின் படத்தை வெளியிடுவார்கள். ஸ்பாய்லர் சீசன் என்று பேர். அச்சு மை வாசனைகூட இன்னும் மூக்குக்கு எட்டாத ஒரு கார்டைப் படத்தில் பார்த்துவிட்டு, இது தேறும், இது தேறாது, இது நாலு மாசத்தில் குப்பைப் பெட்டி என்று ஆளாளுக்கு ஜாதகம் கணிப்போம். ஸ்கேன் படத்தைப் பார்த்தே பிள்ளைக்கு மார்க் போடுகிற வேலைதான், ஆனாலும் அதில் ஒரு சுகம் இருக்கிறது.

அப்படி 2024 மே மாதக் கடைசியில் மாடர்ன் ஹொரைசன்ஸ் 3 செட்டின் கார்டுகள் வந்துகொண்டிருந்தபோது, எங்கள் ஆட்டக் குழுவில் நான் ஒரு பறவைக்கு ஐந்துக்கு மூன்று மார்க் போட்டேன். கூடவே ஒரு வரி: ‘உடம்பு நல்லா இருக்கு, கமாண்டர் ஆடுறவங்களுக்கு ஜாலி, மாடர்ன்ல வேலைக்கு ஆகாது.’ கமாண்டரும் மாடர்னும் இந்த ஆட்டத்தின் இரண்டு ஃபார்மேட்டுகள், அதாவது எந்தக் கார்டுகளை வைத்து எப்படி ஆடலாம் என்கிற விதிமுறைகள். அந்தப் பறவையின் பேர் நாடு, விங்ட் விஸ்டம். செட் வெளிவந்தது ஜூன் 14. மாடர்னில் அந்தக் கார்டைத் தடை செய்தது ஆகஸ்ட் 26. இரண்டரை மாசம்கூட முழுசாக ஆகவில்லை. என் அந்த ஒரு வரியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிற நண்பன் ஒருவன், இன்றைக்கும் நான் எந்தப் புதுக் கார்டைப் பற்றி வாயைத் திறந்தாலும் பேச்சே இல்லாமல் அதை மட்டும் அனுப்புவான்.

சரி, போன மானம் போனதுதான். அந்தக் கார்டை முதலிலிருந்து மறுபடி வாசித்து, எங்கே சறுக்கினேன் என்று பார்த்து, இப்போதாவது ஒழுங்காக ஒரு விமர்சனம் எழுதிவிடலாம்.

முதலில் கார்டில் என்ன எழுதியிருக்கிறது? மூலையில் இருக்கும் விலை மூன்று மானா (லேண்ட் கார்டுகள் தரும் மந்திரசக்தி, மற்ற கார்டுகளைப் போட அதுதான் காசு): ஏதாவது ஒரு நிறத்தில் ஒன்று, பச்சை ஒன்று, நீலம் ஒன்று. லெஜண்டரி கிரீச்சர் (நமக்காகச் சண்டை போடும் உயிரினம்), பறவை, மந்திரவாதி. தாக்குவது 3, தாங்குவது 4, மேலே பறக்கும். இத்தோடு நிறுத்தியிருந்தால்கூட டிராஃப்டில் (பாக்கெட்டைப் பிரித்து, சுற்றி அனுப்பி, எடுத்த கார்டுகளை வைத்து ஆடுவது) கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம், மூன்று மானாவுக்கு 3/4 பறவை என்பது அங்கே பாதி ஆட்டத்தைத் தானே ஜெயித்துக் கொடுத்துவிடும். அதற்குக் கீழே ஒரு பத்தி இருக்கிறது. நம் பக்கத்தில் இருக்கிற கிரீச்சர்கள் எல்லாவற்றுக்கும் ஒரு குணம் வந்துவிடும்: அந்தக் கிரீச்சரை ஏதாவது ஒரு ஸ்பெல்லோ அபிலிட்டியோ டார்கெட் செய்தால் (போடுகிற மந்திரமோ களத்திலுள்ள கார்டின் திறனோ அதைக் குறிவைத்தால்), உன் லைப்ரரியின், அதாவது இன்னும் எடுக்காத கட்டின், மேல் கார்டைத் திறந்து காட்டு. லேண்டாக இருந்தால் நேராகக் களத்தில் வை. வேறு எதுவாக இருந்தாலும் கைக்கு எடுத்துக்கொள். இது ஒரு டர்னில் இரண்டு முறைதான் நடக்கும்.

தமிழில் வாசிக்கிறவனுக்கு இந்தப் பேரே ஒரு குறும்பு. போனில் ‘நாடு பேன் ஆயிடுச்சு’ என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு அம்மா பதறிப்போய் ‘எந்த நாடுடா?’ என்று கேட்டார். ஆனால் தேசத்தை விட்டுவிட்டு வினைச்சொல்லாக எடுத்துப் பாருங்கள். நாடுவது, தேடிப் போவது. இந்தப் பறவை இருக்கும் வீட்டில் எந்தக் கிரீச்சரையாவது யாராவது நாடி வந்தால் வீட்டுக்காரருக்கு ஒரு கார்டு லாபம். தற்செயல்தான், பேர் வைத்தவர்களுக்குத் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் கார்டின் வேலையை இதை விடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

நான் கோட்டைவிட்டதும் இந்த ஒரு சொல்லில்தான். யார் நாடுவார்கள்? நான் நினைத்தது எதிராளியை. அவர் லைட்னிங் போல்ட் போடுவார், அது மூன்று டேமேஜ்தான், நாடு நாலு தாங்கும், சாகாது, நமக்கு ஒரு கார்டும் வரும். சாலிட்யூட் போட்டு நாடுவைத் தூக்கி எறிந்தாலும் போகிற போக்கில் ஒரு கார்டு கொடுத்துவிட்டுத்தான் போகும். ஆக இது எதிராளியைக் கொஞ்சம் எரிச்சல்படுத்துகிற தற்காப்புப் பறவை, இதற்காக மாடர்ன் மாதிரி வேகமான ஃபார்மேட்டில் யார் மூன்று மானா செலவழிப்பார்கள் என்று கணக்குப் போட்டு மூன்று மார்க் கொடுத்தேன். ‘ஏதாவது ஒரு ஸ்பெல்லோ அபிலிட்டியோ’ என்று எழுதியிருக்கிறதே, ‘எதிராளியின்’ என்று எங்கேயும் எழுதவில்லையே என்பது கண்ணில் பட்டது, மூளைக்குப் போகவில்லை.

இன்னொரு சறுக்கல் அந்த ‘இரண்டு முறை’. நாடு ஒரு டர்னில் மொத்தம் இரண்டு கார்டு தரும் என்று வாசித்தேன். அப்படி இல்லை. அந்தக் குணம் ஒவ்வொரு கிரீச்சருக்கும் தனித்தனியாக வருகிறது, எனவே கணக்கும் தனித்தனி. களத்தில் நாடுவோடு சேர்த்து நாலு கிரீச்சர் இருந்தால் எட்டு. புதிதாக ஒரு கிரீச்சர் வந்து நின்றால் அதற்கும் இரண்டு. கட்டுப்பாடு மாதிரி எழுதப்பட்ட வரி, உண்மையில் ‘ஆள் சேர்த்துக்கொண்டே போ’ என்று கூப்பிடுகிற வரி.

சரி, நம் கிரீச்சரை நாமே டார்கெட் செய்ய வேண்டும், அதுவும் செலவே இல்லாமல். குழந்தையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை. அதற்கு என்ன இருக்கிறது? ஷூகோ இருக்கிறது. 2005இல் வந்த பிட்ரேயர்ஸ் ஆஃப் காமிகாவா செட்டில் ஒரு சின்ன எக்விப்மென்ட், கிரீச்சருக்கு மாட்டிவிடுகிற ஆயுதம். விலை ஒரு மானா. மாட்டிக்கொண்ட கிரீச்சருக்கு +1/+0, தாக்குவது மட்டும் ஒன்று கூடும். எக்விப் செய்ய ஆகும் செலவு பூஜ்யம். பத்தொன்பது வருஷமாக அதைப் பெரும்பாலோர் சீந்தவில்லை. ஆனால் எக்விப் என்பது ஒரு அபிலிட்டி, அது ஒரு கிரீச்சரை டார்கெட் செய்கிறது, ஓசியில். ஒரே கிரீச்சருக்குத் திரும்பத் திரும்ப எக்விப் செய்யலாம், ஏற்கெனவே மாட்டியிருந்தாலும் பரவாயில்லை, டார்கெட் ஆனாலே போதும். அதுவும் இல்லாவிட்டால் டைம் ஸ்பைரலில் வந்த அவுட்ரைடர் என்-கோர், அதுவும் பூஜ்யம் செலவில் நம் கிரீச்சரை டார்கெட் செய்கிற ஆள்தான்.

ஷூகோ ஞாபகம் வரவில்லை என்று சாக்குச் சொல்லித் தப்பித்திருக்கலாம். லைட்னிங் கிரீவ்ஸுக்கு என்ன சாக்கு? அதுவும் எக்விப் பூஜ்யம்தான், 2003இல் மிரடின் செட்டில் வந்தது, நான் கட்டி வைத்திருக்கிற கமாண்டர் டெக் ஒவ்வொன்றிலும் ஒன்று இருக்கிறது. நாடு படம் வந்த அன்றைக்கு மேசைமேல் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை.

இந்த இடத்தில் ஸ்ப்ரிங்ஹார்ட் நான்டுகோ என்கிற இன்னொரு கார்டைச் சொல்லாமல் போனால் முழுக்கதை புரியாது, அதுவும் இதே செட்டில்தான் வந்தது என்பது வேடிக்கை. இதை ஒரு கிரீச்சர்மேல் ஒட்டி வைக்கலாம். அப்புறம் நம் பக்கம் ஒவ்வொரு முறை லேண்ட் வரும்போதும் இரண்டு மானா கொடுத்தால் அந்தக் கிரீச்சருக்கு நகல் ஒன்று கிடைக்கும், கொடுக்க முடியாவிட்டால் சும்மாவே ஒரு 1/1 பூச்சி கிடைக்கும். இப்போது சேர்த்துப் பாருங்கள். ஷூகோவால் தொடுகிறோம், கார்டு திறக்கிறது, லேண்ட் வந்தால் அது களத்துக்குப் போகிறது, லேண்ட் வந்ததால் ஒரு பூச்சி பிறக்கிறது, அந்தப் பூச்சிக்கும் நாடு கொடுத்த குணம் உண்டு, அதை இரண்டு முறை தொடலாம், மறுபடி கார்டு திறக்கிறது.

இது எங்கேயாவது நிற்குமா என்று ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பேச்சுக்கு 60 கார்டு டெக்கில் 24 லேண்ட், அதில் 10 ஃபெட்ச் லேண்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பூச்சி இரண்டு கார்டு திறக்கும், சராசரியாக 0.8 லேண்ட் வரும், ஒரு லேண்டுக்கு ஒரு பூச்சி என்றால் அடுத்த தலைமுறைக்கு 0.8 பூச்சி. ஒன்றுக்குக் கீழே இருப்பதால் சந்ததி மெல்லச் சுருங்கி எங்கேயோ நின்றுவிடும். ஆனால் ஃபெட்ச் லேண்டை உடைத்தால் இன்னொரு லேண்டை எடுத்து வைக்கலாம், எனவே அது ஒன்று வந்தால் இரண்டு லேண்ட் வந்த கணக்கு. சாதா லேண்ட் 14, ஃபெட்ச் 10 என்றால் ஒரு கார்டுக்குச் சராசரியாக 60இல் 34, இரண்டு கார்டுக்கு 1.13. ஒன்றைத் தாண்டிவிட்டது. அந்த வம்சம் இனி அணைவது கஷ்டம். இதில் திறந்து வந்த லேண்டெல்லாம் படுத்த நிலையில், அதாவது மானா எடுத்து முடித்த நிலையில், வருவதில்லை, நிமிர்ந்தே வருகிறது, அதில் உடனே மானா எடுத்து அந்த இரண்டு மானா நகலையும் போடலாம் என்பதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. கைக்கு வந்து குவிகிற மற்ற கிரீச்சர்களையும்தான். லைப்ரரி காலியானதும் தாசாஸ் ஆரக்கிளைப் போட்டு ‘ஜெயித்துவிட்டேன்’ என்று சொன்னால் ஆட்டம் முடிந்தது.

படத்தில் எளிதில் கண்ணுக்குப் படாத இன்னொரு நுணுக்கம். கார்டு ‘டிரா செய்’ என்று சொல்லவில்லை, ‘கையில் வை’ என்று சொல்கிறது. அந்த நேரத்தில் மாடர்னில் அளவுக்கு மேல் கார்டு எடுப்பவர்களைத் தண்டிக்க எல்லோரும் வைத்திருந்தது ஆர்கிஷ் போமாஸ்டர்ஸ். எதிராளி டிரா செய்தால்தான் அது வேலை செய்யும். நாடு இருபது கார்டு அள்ளினாலும் போமாஸ்டர்ஸ் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதைக் களத்துக்குக் கொண்டுவந்து, அது வரும்போது அடிக்கிற ஒரு டேமேஜை எதிராளியின் கிரீச்சர்மேல் குறிவைத்தாலோ, அதுவும் டார்கெட், அவருக்கு இன்னொரு கார்டு!

இதில் என்னை மிகவும் உறுத்துவது, பாடம் புதிது இல்லை என்பது. 2002இல் டோர்மென்ட் செட்டில் செஃபலிட் இல்யூஷனிஸ்ட் என்று ஒரு கார்டு வந்தது. அதை டார்கெட் செய்தால் நம் லைப்ரரியிலிருந்து மூன்று கார்டு கல்லறைக்கு, அதாவது கழித்த கார்டுகளின் குவியலுக்கு, போகும். அதோடு நோமட்ஸ் என்-கோர் மாதிரி பூஜ்யம் செலவில் டார்கெட் செய்கிற ஆளைச் சேர்த்து மொத்த லைப்ரரியையும் ஒரே மூச்சில் கவிழ்க்கிற டெக்குக்கு செஃபலிட் பிரேக்ஃபாஸ்ட் என்று பேர். பழைய ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ‘டார்கெட் ஆனால்’ என்று ஒரு கார்டு ஆரம்பித்தால் முதலில் பூஜ்யத்தைத் தேடு என்று இருபது வருஷத்துக்கு முன்பே சொல்லிக்கொடுத்துவிட்ட டெக் அது. நாடு வந்ததும், பழைய கார்டுகளையும் அனுமதிக்கும் லெகசி ஃபார்மேட்டில் அந்த டெக்குக்குள்ளேயே நேராகக் குடிபோய்விட்டது, பொண்ணு மாப்பிள்ளை பொருத்தம் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. இவ்வளவும் தெரிந்த நான் மூன்று மார்க் போட்டேன்.

அதே மூலையில் இன்னொரு எச்சரிக்கைப் பலகையும் இருந்தது. ஒன்று, பச்சை, நீலம் என்கிற அந்த மூன்று மானா விலை. 2019இல் ஓகோ, தீஃப் ஆஃப் கிரவுன்ஸ் வந்தது, அதே விலை. எதிராளியின் கிரீச்சர்களையெல்லாம் காட்டு மான்களாக மாற்றி ஊரையே மிரட்டியது, 2020 ஜனவரியில் மாடர்னில் தடை. 2020இல் ஊரோ, டைட்டன் ஆஃப் நேச்சர்ஸ் ராத் வந்தது, அச்சு அசலாக அதே விலை, 2021 பிப்ரவரியில் தடை. மூன்றாவதாக நாடு. ஒரே வீட்டு எண்ணில் மூன்று தலைமுறை ரவுடிகள். இனி ஸ்பாய்லரில் இந்த மூன்று சின்னத்தையும் வரிசையாகப் பார்த்தால் கீழே ‘இந்தக் கார்டு ஒன்றும் செய்யாது’ என்று எழுதியிருந்தாலும் நாலு மார்க்குக்குக் குறைத்துப் போட மாட்டேன்.

ஜூன் 28 முதல் 30 வரை ஆம்ஸ்டர்டாமில் ப்ரோ டூர் என்கிற பெரிய தொழில்முறைப் போட்டி நடந்தது. டாப் எட்டில் பாதிக்கு மேல் நாடு டெக். ஜெயித்தது டென்மார்க்கின் சைமன் நீல்சன், அவரும் நாடுதான். பலமான டெக் ஜெயிப்பது வழக்கம்தான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பார்ப்பதற்கு இருந்த வதைதான் வேறு ரகம்.

முடிவில்லாத காம்போ (சில கார்டுகள் கூட்டுச் சேர்ந்து திரும்பத் திரும்பச் செய்கிற வித்தை) என்றால் பொதுவாக ‘இதை ஆயிரம் தடவை செய்கிறேன்’ என்று சொல்லிவிட்டுக் கை குலுக்கலாம். நாடுவில் அப்படிச் சுருக்க முடியாது. ஒவ்வொரு முறையும் வருவது லேண்டா வேறொன்றா என்று திறந்து பார்த்தால்தான் தெரியும், நடுவில் காய்ந்துபோய் நின்றுவிடவும் வாய்ப்பு இருக்கிறது. எனவே எதிரில் உட்கார்ந்திருப்பவர் ஆட்டத்தை விட்டுக்கொடுக்கவும் மனசில்லாமல், செய்வதற்கும் எதுவும் இல்லாமல், நாடு ஆடுபவர் தொடுவதையும் திறப்பதையும் பூச்சிக்கு டோக்கன் வைப்பதையும் எந்தப் பூச்சியை எத்தனை முறை தொட்டாயிற்று என்று பகடை வைத்து எண்ணுவதையும் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நானும் ஒருமுறை அப்படி உட்கார்ந்தேன். எழுந்துபோய் டீ போட்டுக் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன், அவர் அதே டர்னில் இருந்தார். கடைசியில் காம்போ காய்ந்து போய் அவர் தோற்றார் என்பது வேறு விஷயம், எனக்கு அதில் சந்தோஷம்கூட வரவில்லை. மேஜிக் ஆன்லைனில் ஆளுக்குத் தனித்தனிக் கடிகாரம் ஓடுவதால், இந்த டெக்கை எடுப்பவர் எதிராளியோடும் மௌஸோடும் சேர்த்து மல்லுக்கட்ட வேண்டும்.

நிறுத்த வழியே இல்லையா என்றால், இருந்தது. ஷூகோ பேரைச் சொல்லி பிதிங் நீடில் வைக்கலாம், எக்விப் நின்றுவிடும். போசெய்ஜு என்கிற லேண்டைக் கையிலிருந்து கழித்து அவர் அந்த ஊசியை உடைத்துவிடுவார். நாடுவைக் கொல்லலாம், கொல்லும் ஸ்பெல் பெரும்பாலும் டார்கெட் செய்வதால் அவருக்கு ஒரு கார்டு கொடுத்துத்தான் கொல்ல முடியும். ஷூகோ இல்லாவிட்டால் அர்சாஸ் சாகா அதன் மூன்றாவது அத்தியாயத்தில் தானே தேடி எடுத்துக் கொடுத்துவிடும். கிரீச்சர்களைத் தேட கார்ட் ஆஃப் காலிங் இருக்கிறது, சம்மனர்ஸ் பேக்ட் இருக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு மாற்று டிரைவர் வைத்த வண்டி.

இப்போது இந்த விமர்சனத்தில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல் தருகிற பகுதி. தடை வந்த பிறகு செட்டின் வடிவமைப்பாளர் மைக்கேல் மேஜர்ஸ் இந்தக் கார்டு எப்படி உருவானது என்று வெளிப்படையாக எழுதினார். முதலில் இருந்த வடிவம் வேறு. நம் பெர்மனென்ட் ஸ்பெல்களையெல்லாம் (களத்தில் தங்கும் கார்டுகளை) ஃபிளாஷாக, அதாவது எதிராளியின் டர்னில்கூட, போடவிடும், அதோடு எதிராளி நம் பொருளை டார்கெட் செய்தால் மட்டும் ஒரு கார்டு பலன். அந்த ஃபிளாஷ் சமாசாரம் கமாண்டரில் தொல்லையாக இருக்கும் என்று எடுத்துவிட்டார்கள், அதை ஈடுகட்ட கமாண்டர் ஆடுபவர்கள் இதைச் சுற்றி ஒரு டெக் கட்டுவது மாதிரி கடைசிக் கட்டத்தில் வரிகளை மாற்றினார்கள். அந்தக் கடைசி வடிவத்தை யாரும் ஆடிப் பார்க்கவில்லை, அதற்கு நேரம் தாண்டிவிட்டிருந்தது. பூஜ்யம் செலவு அபிலிட்டிகளோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தான் கவனிக்கத் தவறிவிட்டதாக அவரே ஒப்புக்கொண்டார்.

படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. எதிராளி நாடினால் மட்டும் பலன் தரும் பறவை. நான் மே மாதம் மார்க் போட்டது சரியாக அந்தக் கார்டுக்குத்தான், அச்சுக்குப் போகாமலே செத்துப்போன அந்த வடிவத்துக்கு. அதற்கு மூன்று மார்க் நியாயமான மார்க், இப்போதும் சொல்வேன். வெளியிலிருந்து படத்தைப் பார்த்தவனும் உள்ளே உட்கார்ந்து எழுதியவரும் ஒரே குழியில் விழுந்திருக்கிறோம், அவருக்கு நியாயமான காரணம் நேரமின்மை, எனக்கு வெறும் அலட்சியம்.

தடை தேதியில் இன்னொரு விசித்திரம். முதல் மாடர்ன் ஹொரைசன்ஸ் செட் 2019 ஜூனில் வந்தது, அதிலிருந்து ஹோகாக் என்கிற பூதம் கிளம்பி அந்தக் கோடைக்காலத்தையே நாசமாக்கியது. முதலில் ஜூலையில் பிரிட்ஜ் ஃப்ரம் பிலோவைத் தடை செய்து பார்த்தார்கள், பூதம் அசையவில்லை, கடைசியில் அதையே தடை செய்தார்கள். அந்தத் தேதி 2019 ஆகஸ்ட் 26. நாடு 2024 ஆகஸ்ட் 26. ஐந்து வருஷம், அதே நாள். திதி கொடுக்கிறவர்கள் இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிடலாம். நாடுவை யாருக்காக மாற்றி எழுதினார்களோ அந்த கமாண்டர் ஃபார்மேட்டும் அதை வைத்துக்கொள்ளவில்லை. செப்டம்பர் 23 அன்று அங்கேயும் தடை, மானா கிரிப்ட், ஜுவல்ட் லோட்டஸ், டாக்சைட் எக்ஸ்டார்ஷனிஸ்ட் ஆகியவற்றோடு ஒரே பட்டியலில். மற்ற கார்டுகளுக்காக ஊரே கொந்தளித்தது, கையில் இருந்த காசு ஒரே நாளில் கரைந்துபோன கோபம். நாடுவுக்காக அழுத குரல் என் காதில் விழவில்லை.

காசு என்றதும் என் சொந்தச் சோகம். நாடுவின் சங்கதி தெரிந்த வாரத்தில் ஷூகோ விலை ஏற ஆரம்பித்துவிட்டது. அதுவரை பழைய பெட்டிகளில் பெரும்பாலும் தூங்கிக் கிடந்த கார்டு. ஒரு இணையக் கடையில் பழைய விலையிலேயே நாலு இருப்பதைப் பார்த்து அடித்துப்பிடித்து ஆர்டர் போட்டேன், பணமும் கட்டினேன். மறுநாள் ‘ஸ்டாக் இல்லை, மன்னிக்கவும்’ என்று ரத்து செய்து பணத்தைத் திருப்பிவிட்டார்கள். அதற்கு மறுநாள் அதே கடையில் அதே நாலு ஷூகோ பல மடங்கு விலையில் உட்கார்ந்திருந்தது. கேட்டதற்குப் பதில் இல்லை. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, பறவையை வாங்குவது சுலபமாகவும் அதைக் கிள்ளிவிடுகிற ஷூகோவை வாங்குவது கஷ்டமாகவும் ஆகிப்போனது. நல்லவேளை என்றுதான் இப்போது தோன்றுகிறது, வாங்கியிருந்தால் ஆகஸ்டில் அந்த நாலையும் வைத்துக்கொண்டு பல்லைக் குத்தியிருக்க வேண்டும்.

இனி யாராவது இந்தக் கார்டை வாங்கலாமா? மாடர்ன், கமாண்டர் இரண்டிலும் மேசைக்கு வர முடியாத கார்டு என்பதால் போட்டிக்கு வாங்குகிறவர்களுக்குப் பெரிய உபயோகம் இல்லை. டிராஃப்டில் கிடைத்தால் எடுங்கள், அங்கே இது நான் முதலில் நினைத்த அதே நல்ல பறவை, எதிராளியைக் கடுப்பேற்றி ஜெயிக்கும், அவ்வளவுதான், அந்தக் களத்துக்கு நாலரை மார்க். சொந்தமாக க்யூப் (டிராஃப்டுக்காகத் தாங்களே தேர்ந்து சேர்த்த கார்டுக் குவியல்) கட்டி வைத்திருப்பவர்கள் பூஜ்யம் எக்விப் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இதை வைத்தால் சுவாரசியமாகவே இருக்கிறது: ஒரு ஸ்பெல்லை நம் கிரீச்சர்மேல் போட்டு ஒரு கார்டு சம்பாதிப்பது, எதிராளி ஒவ்வொரு முறை குறிவைக்கும்போதும் யோசிப்பது, ஒரு டர்னில் மூன்று நாலு கார்டு வந்தால் கூட நியாயமாகத் தெரிகிறது, ஏனென்றால் அதற்கு நாம் மானா கொடுத்திருக்கிறோம். விலை கொடுத்து நாடினால் அழகான கார்டு. மாடர்ன் கார்டாக அதன் பலத்துக்கு மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு ஐந்து, அதை எதிர்த்து ஆடுகிற அனுபவத்துக்கு ஒன்று, அந்த ஒன்றும் டீ குடிக்க நேரம் கொடுத்ததற்காக.

எங்கள் வீட்டு மேசையில் தடைப் பட்டியலை ரொம்பக் கண்டுகொள்வதில்லை. போன மாதம் அந்த ஸ்க்ரீன்ஷாட் நண்பன் ஒரு பளபளக்கிற ஃபாயில் நாடுவைக் கமாண்டராக, அதாவது டெக்கின் தலைவனாக, வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். நாங்கள் மூன்று பேரும் அவனைப் பார்த்தோம். ‘டேய், ஷூகோ இல்லடா, சத்தியமா, வேணும்னா டெக்கைப் பிரிச்சுப் பாருங்க’ என்றான். பிரித்துப் பார்த்தோம், ஷூகோ இல்லை. சரி, நாடுவுக்குக் குறிவைக்காமல் ஜாக்கிரதையாக ஆடினோம். ஐந்தாவது டர்னில் நாடு களத்தில் இருக்க, பக்கத்தில் நாலு குட்டிக் கிரீச்சர்கள் நிற்க, அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் லைட்னிங் கிரீவ்ஸை எடுத்து மேசைமேல் வைத்தான்.

நான் எழுந்து டீக்குத் தண்ணீர் வைக்கப் போனேன்.